பிரார்த்தனையைக் கற்பிக்க இயலுமா?

லூக்கா நற்செய்தியின் பதினொன்றாம் அத்தியாயம் ஒரு சிறிய நிகழ்ச்சியுடன் தொடங்குகிறது. இயேசு ஓரிடத்தில் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறார். அது முடிந்ததும் சீடர்களுள் ஒருவர், தங்களுக்கும் பிரார்த்திக்கக் கற்றுத்தருமாறு அவரை வேண்டுகிறார். அந்த வேண்டுகோளுக்கு விடையாக வந்ததே, உலகெங்கும் கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் பரலோக மந்திரம்.

விடையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கேள்வியைப் பற்றி நின்று சிந்தித்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. கேட்டவர் ஒரு யூதர். திருப்பாடல்களைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர். ஓய்வுநாள்தோறும் தொழுகைக் கூடத்துக்குச் சென்று வந்தவர். பிரார்த்தனைக்குரிய சொற்கள் அவரிடம் இல்லாமல் இருந்திருக்க முடியாது. பின் எதற்காகக் கேட்டார்? பிரார்த்தனையில் ஆழ்ந்திருந்த ஒருவரை அவர் அருகிலிருந்து பார்த்தார். தாம் இதுகாறும் செய்துவந்தது அதுவன்று என்பது அப்போது அவருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும்.

பிரார்த்தனை, ஜீவனுக்கும் இறைவனுக்கும் இடையே நிகழ்வது. அதற்குள் மூன்றாமவர் ஒருவர் நுழைந்து எதைக் கற்றுத்தர முடியும்? பசித்த குழந்தைக்கு அழக் கற்றுத்தருவார் உண்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குருவின்றி ஓரடியும் நகர முடியாது என்று கூறும் மரபும் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. இரண்டும் உண்மைபோலவே தோன்றுகின்றன. தமிழ்நாட்டில், காவிரிக்கரையில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த இரு கிறிஸ்தவத் துறவிகளின் வாழ்க்கை இக்கேள்விக்குச் சற்று வெளிச்சம் தருகிறது. மூத்தவரிடம் இளையவர் பிரார்த்தனையைக் கற்றார். பின்னர், மூத்தவர் வர விரும்பாத இடத்துக்கு அந்தப் பிரார்த்தனையே அவரை இட்டுச் சென்றது.

குளித்தலைக்கு வந்த கடிதம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர் குளித்தலை. இன்று கரூர் மாவட்டத்தில் உள்ளது. அவ்வட்டாரத்து மக்கள், காலையில் குளித்தலைக் கடம்பரையும், நடுப்பகலில் ஐயர்மலைச் சொக்கரையும், அந்தியில் ஆற்றின் வடகரையிலுள்ள திருஈங்கோய்மலை நாதரையும் தொழுவதைப் பெரும் பேறாகக் கருதுபவர்கள். ஒரே நாளுக்குள் மூன்று சந்நிதிகளுக்கும் நடந்தே சென்று வந்தவர்கள் அங்கு தலைமுறை தலைமுறையாக உண்டு. வழிபாட்டுக்குப் பொழுது குறித்து வைத்திருந்த அந்த மண்ணுக்குத்தான் ஜூல் மொன்ஷானின் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் வந்து சேர்ந்தார்.

மொன்ஷானின் 1895-ஆம் ஆண்டு லியோன் நகருக்கு அருகே பிறந்தவர். 1922-இல் குருப்பட்டம் பெற்றார். கூர்மையான அறிவு படைத்தவர். பிற்காலத்தில் கத்தோலிக்க உலகின் பெரும் இறையியலாளராக விளங்கிய ஆன்றி தெ லூபாக் அவருடைய நண்பர். முனைவர் பட்டம் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனை முடிக்காமல் விட்டுவிட்டுச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு பங்கில் பணிசெய்யக் கேட்டுச் சென்றார். 1932-இல் கடும் நோய் வந்து மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்டார். பிழைத்தால் தம் வாழ்வை இந்தியாவுக்கு அளிப்பதாக அந்நோய்ப் படுக்கையில் அவர் உறுதி பூண்டிருந்தார். 1939-இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்துக்கு வந்தார். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கிராமப் பங்குகளில் எளிய பாதிரியாராகவே கழிந்தன. தத்துவ நூல்களில் தோய்ந்த அந்த மனிதர், தமிழ் பேசத் தடுமாறிக்கொண்டு, ஆஸ்துமாவுடன் போராடிக்கொண்டு, உழவர் குடும்பங்களுக்கு நடுவே வாழ்ந்தார்.

1947-ஆம் ஆண்டு திருச்சி ஆயருக்குப் பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹென்றி லெ சோ என்னும் பெனடிக்ட் சபைத் துறவி. 1910-இல் பிரிட்டனி கடற்கரையில் பிறந்தவர். 1929-இல் கெர்கொனான் மடாலயத்தில் சேர்ந்தவர். இந்தியாவில் தவ வாழ்வு வாழ வேண்டும் என்னும் ஏக்கத்தைப் பல்லாண்டுகளாக நெஞ்சில் சுமந்தவர். ஆயர் அக்கடிதத்தை மொன்ஷானினிடம் ஒப்படைத்தார்.

மொன்ஷானின் எழுதிய பதில் சிந்தனைக்குரியது. கூடியவரையில் ஆங்கிலம் கற்று வருமாறு அதில் எழுதினார். முற்றிலும் மரக்கறி உணவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றார். ஏமாற்றங்கள் நேரும், ஆகவே தளராத துணிவு தேவை என்று எச்சரித்தார். மேலைநாட்டுப் பற்றுகளை விட்டுவிட வேண்டும், இந்தியாவை ஆழ்ந்து நேசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தியான முறை எதையும் அவர் குறிப்பிடவில்லை; அடையப்போகும் ஆன்மிக அனுபவத்தைப் பற்றி ஒரு வாக்குறுதியும் தரவில்லை. பிரார்த்தனை வாழ்வைத் தேடி வருபவரிடம் உணவையும் மொழியையும் ஏமாற்றத்தையும் பற்றிப் பேசினார். நம் குருமார்களும் தேடி வந்தவனிடம் முதலில் விறகு வெட்டச் சொன்னவர்கள்தாமே!

1948 ஆகஸ்டில் லெ சோ குளித்தலைக்கு வந்து சேர்ந்தார். மொன்ஷானின் அங்குத் தாம் தங்கியிருந்த எளிய இல்லத்துக்குப் பக்தி ஆசிரமம் என்று பெயரிட்டிருந்தார். வந்தவர் முப்பத்தெட்டு வயதை எட்டும் நிலையில் இருந்தார். மடாலயத்தில் பத்தொன்பது ஆண்டுகள், இரவிலும் பகலிலும் குறித்த வேளைகளில் திருப்பாடல்களை இசைத்துத் தொழுதவர். லூக்காவின் சீடரைப்போல் இவரிடமும் சொற்களுக்குக் குறைவில்லை. ஆயினும், பதினைந்து வயது மூத்த மொன்ஷானினுடன் வாழத் தொடங்கியபோது தாம் புதிதாகத் தொடங்குவதாகவே அவர் உணர்ந்தார்.

மூத்தவரிடம் அவர் கண்டது யாது? மொன்ஷானினுக்குப் பிரார்த்தனை என்பது முதன்மையாக ஆராதனை. கேட்பதும் பெறுவதும் அதில் பின்னே நின்றன. இறைவன் இறைவனாக இருக்கிறான் என்பதற்காகவே அவன் முன் நிற்பது, எவரும் பார்க்காவிடினும் நிற்பது, பலன் ஒன்றும் விளையாவிடினும் நிற்பது. மேலும், அந்த நிற்றல் தனக்காக மட்டும் செய்யப்படுவதும் அன்று. தம்மைச் சுற்றியுள்ள மண்ணின் மக்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மேற்கொண்ட தேடலையெல்லாம் தம் நெஞ்சில் ஏந்தி அவர்கள் சார்பாகவும் நிற்பது தம் கடமை என்று அவர் கருதினார். உபநிடதங்களையும் சைவ நூல்களையும் அவர் பயின்றது வாதத்துக்காக அன்று. ஒரு வீட்டாருக்காகப் பிரார்த்திக்க விரும்புபவன் அவர்களுடைய மொழியை அறிந்திருக்க வேண்டாவா?

பலன் காணாத ஏழாண்டுகள்

1950-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரை மாந்தோப்பில் இருவரும் ஓர் ஆசிரமம் தொடங்கினர். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர் சூட்டினர். சாந்திவனம் என்பது வழக்குப் பெயராயிற்று. சத்து, சித்து, ஆனந்தம் என்னும் முப்பெயரில் கிறிஸ்தவர்கள் வணங்கும் திரித்துவத்தின் சாயலைக் கண்டனர். காவியுடை அணிந்தனர், காலணி துறந்தனர், தரையில் அமர்ந்து உண்டனர். சிற்றாலயத்தைத் தென்னாட்டுக் கோயிலின் மூலஸ்தானத்தைப்போல் இருள் சூழ அமைத்தனர். மொன்ஷானின் பரம அரூபி ஆனந்தம் என்னும் பெயரை ஏற்றார். பரம அரூபி என்று அவர் குறித்தது தூய ஆவியை. லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். பிற்காலத்தில் உலகம் அவரை அப்பெயராலேயே அறிந்தது.

ஆசிரமம் அமைந்தது, ஆட்கள் வரவில்லை. வந்த சிலரும் நிலைக்கவில்லை. மொன்ஷானின் உயிரோடிருந்த ஏழாண்டுகளில் நிலையான சீடர் ஒருவர்கூட அங்குச் சேரவில்லை. நிர்வாகத் திறமை என்பது அவரிடம் அறவே கிடையாது. செயல்வேகம் மிக்க அபிஷிக்தானந்தருக்கு இது பெரும் சோதனையாக இருந்தது. கட்டடங்களுக்காக அலைந்தவர் அவர். திட்டங்கள் வகுத்தவர் அவர். மூத்தவரோ நூல்களுடனும் வருவோர் போவோருடனும் உரையாடியபடி, நாள் தவறாமல் அந்த இருண்ட ஆலயத்தில் தம் வழக்கப்படி நின்றுகொண்டிருந்தார்.

இதனைத் தோல்வி என்று எளிதில் சொல்லிவிடலாம். கண்முன் தெரியும் கணக்கு அதைத்தான் காட்டுகிறது. ஆனால் பிரார்த்தனையைப் பற்றிய மிகக் கடினமான பாடம் இங்கேதான் இருக்கிறது. கேட்டது கிடைத்தபோது தொழுவது எளிது. கிடைக்காதபோது கண்ணீருடன் தொழுவதும் ஒருவகையில் எளிதுதான். துயரமே அதற்கு விசை தருகிறது. ஒன்றும் நிகழாமல், வெற்றியும் பெருந்துயரும் இன்றி, ஆண்டுகள் சப்பென்று கழியும்போது அதே வேளையில் அதே இடத்தில் சென்று நிற்பதற்கு விசை எங்கிருந்து வரும்? நூல்களில் இதற்கு விடை எழுதியிருக்கலாம். விடையாக வாழும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி அது நெஞ்சில் ஏறுவதில்லை. அபிஷிக்தானந்தர் அந்த நிலைகண்டு பொறுமை இழந்தார் என்பது உண்மை. பிற்காலத்தில் இமயமலைச் சாரலில் எவரும் அறியாத குடிலில் அவரே பல ஆண்டுகள் அப்படி நின்றார் என்பதும் உண்மை.

சீடன் கடந்து சென்றபோது

ஆசிரமம் தொடங்கும் முன்னரே, 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தனர். ஸ்ரீ ரமண மகரிஷியைத் தரிசிக்கப் பேராவலுடன் சென்ற அபிஷிக்தானந்தருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சியது. அங்கு அமர்ந்திருந்தவர் ஓர் எளிய முதியவராகவே அவர் கண்ணுக்குத் தெரிந்தார். உடம்பில் காய்ச்சலும் கண்டது. அவ்வாசிரமத்தில் தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அம்மையார் அவருடைய நிலையை உணர்ந்து, மிகுந்த மூட்டை முடிச்சுகளுடன் அவர் வந்திருப்பதாகவும், வெறுமையாக அமர்ந்திருந்தால் போதும் என்றும் எடுத்துரைத்தார். தாம் இவ்வளவு அறிந்திருக்கிறோம், இன்னதைக் காண வந்திருக்கிறோம் என்னும் எண்ணங்களே அந்த மூட்டை. அதன்பின் அங்கு ஒலித்த வேதகோஷமும், மகரிஷியின் மௌனமும் அவருக்குள் எங்கோ ஆழத்தில் இறங்கின. காய்ச்சலால் அறிவின் காவல் தளர்ந்திருந்ததும் அதற்கு உதவியது போலும்.

மகரிஷி 1950 ஏப்ரலில் மகாசமாதி அடைந்தார். 1952 முதல் அபிஷிக்தானந்தர் அருணாசலக் குகைகளில் பலமுறை சென்று தனித்திருந்தார். 1955 இறுதியில் திருக்கோவலூர்த் தபோவனத்து ஸ்ரீ ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டார். அடுத்த ஆண்டு அவரிடம் சென்று தங்கினார். குரு என்று தாம் நூல்களில் படித்ததற்கு உயிருள்ள பொருளை அங்கே கண்டார்.

இங்கேதான் முரண் எழுந்தது. மொன்ஷானின் கற்பித்த ஆராதனையில் தொழுபவன் ஒருவன், தொழப்படுபவன் ஒருவன். அவ்விருமை அன்பின் உயிர்நிலை என்பது மொன்ஷானினின் உறுதியான கருத்து. இறைவனுக்குள்ளேயே உறவு உண்டு என்று கூறுவதுதான் திரித்துவம். ஆகவே உறவைக் கரைத்துவிடும் ஒருமையை அவரால் ஏற்க இயலவில்லை. அத்வைதத்துக்கும் தம் நம்பிக்கைக்கும் இடையே தாண்டவொண்ணாத ஆழம் இருப்பதாகவே தம் இறுதிக் காலத்தில் அவர் எண்ணினார். அபிஷிக்தானந்தருக்கோ, குகையின் மௌனத்தில் வேறொன்று நிகழ்ந்தது. ‘நீ’ என்று விளித்துத் தொழ முற்படும்போது, விளிப்பவன் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. தொழுகை தொடர்ந்தது, தொழுபவனைக் காணவில்லை.

இது அவருக்கு ஆனந்தமாக மட்டும் இருந்தது என்று எண்ணிவிடலாகாது. அவர் மறைந்தபின், 1986-இல் வெளியான அவருடைய நாட்குறிப்புகளைப் படிப்பவர், அக்காலத்தில் அவர் அடைந்த அச்சத்தையும் வேதனையையும் காணலாம். தம் திருச்சபைக்குத் தாம் துரோகம் செய்கிறோமோ என்று கலங்கினார். தம்மை இந்தியாவுக்கு அழைத்த பெரியவருடன் இதயம் ஒத்துப் பேச இயலாத நிலையும் சேர்ந்துகொண்டது. மொன்ஷானினும் கவலைப்பட்டார், இளையவர் வழி தவறிச் செல்கிறார் என்று அஞ்சினார். ஒரே தோப்பில், ஒரே ஆலயத்தில், நாள்தோறும் சேர்ந்து தொழுத இருவர் பிரார்த்தனை என்றால் என்ன என்பதிலேயே வேறுபட்டு நின்றனர்.

கற்றுத்தந்தவர் நின்ற இடத்தைத் தாண்டிச் செல்லும் சீடன் நன்றி மறந்தவனா? அல்லது, கற்றுத்தந்தவர் நிற்கும் இடத்திலேயே நின்றுவிடும் சீடன்தான் அவர் கற்பித்ததை வீணாக்குகிறானா?

இக்கேள்விக்கு மகாத்மா காந்தியின் வாழ்விலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1893-இல் அவர் பிரிட்டோரியா சென்றபோது, அங்கு வழக்கறிஞராக இருந்த ஏ. டபிள்யூ. பேக்கர் என்பவர் தம் நண்பர்கள் நாள்தோறும் பகல் ஒரு மணிக்குக் கூடும் சிறு பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அவரை அழைத்துச் சென்றார். சில நிமிடங்களே நடக்கும் கூட்டம். அனைவரும் மண்டியிட்டு, அன்றன்று மனத்தில் எழுந்ததை எளிய சொற்களில் வேண்டினர். புதிதாக வந்த இளைஞருக்காகவும் வேண்டினர். அவர் கிறிஸ்தவராக வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். அதை அவர்கள் மறைக்கவுமில்லை. காந்தி அவ்வழி செல்லவில்லை. ஆயினும் அந்நண்பர்கள் தம்முள் எழுப்பிய சமயத் தேடலுக்குத் தாம் என்றும் கடமைப்பட்டிருப்பதாகத் தம் சுயசரிதையில் எழுதினார். வேலைநாளின் நடுவே சில நிமிடம் கூடித் தொழும் அவ்வழக்கத்தை அவர் கண்ணாரக் கண்டது அங்கேதான். பிற்காலத்தில் தம் ஆசிரமங்களில் காலையும் மாலையும் கூட்டுப் பிரார்த்தனையை நாளின் இரு தூண்களாக நிறுத்தினார். கிறிஸ்தவப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. பேக்கர் விரும்பியது நிகழவில்லை. அவர் செய்தது வீண் போகவுமில்லை.

கற்பிப்பவர் ஒன்றைத் தருவதாக எண்ணுகிறார். கற்பவர் பெறுவது வேறொன்றாக அமைகிறது. இது பிரார்த்தனைக்கு உரிய தனி இயல்பு. இசை ஆசிரியரிடம் கல்யாணி ராகம் கற்றவன் கல்யாணியைத்தான் பாடுவான். பிரார்த்தனை கற்பித்தவர் திறந்து காட்டுவது ஒரு வாயிலை. உள்ளே அழைப்பவன் அவரல்லன். அழைப்பவன் யாரை எவ்வளவு தூரம் அழைப்பான் என்பது வாயிலைக் காட்டியவரின் கையில் இல்லை.

அதற்காக, மொன்ஷானின் கீழ்ப்படியில் நின்றுவிட்டார், அபிஷிக்தானந்தர் மேற்படிக்கு ஏறினார் என்று முடிவு கட்டுவது அவசரம். அத்வைதத்தில் பற்றுள்ளவர்களுக்கு அப்படிச் சொல்லும் ஆசை இயல்பாகவே எழும். ஆனால் அபிஷிக்தானந்தர் தாம் ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளவில்லை. 1964-இல் ரைமுந்தோ பணிக்கருடன் கங்கோத்ரிக்கு யாத்திரை சென்றபோது, கங்கையின் பிறப்பிடத்தருகே அவர் கிறிஸ்தவத் திருப்பலியை நிறைவேற்றினார். அதன் பின்னரும் அவ்வழிபாட்டை அவர் கைவிடவில்லை. ஒருமையில் கரைவதையும் ஒருவன் முன் நிற்பதையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதற்கு விடை கிட்டாமலே அவர் தொடர்ந்து தொழுதார். விடை கிட்டும் வரை தொழுகையை நிறுத்தி வைப்போம் என்று எண்ணாத துணிவை அவர் யாரிடம் கற்றிருப்பார்?

தமிழில் ஒரு சிறு வியப்பு உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பிரார்த்தனையை ஜெபம் என்கின்றனர். இந்துக்கள் ஜபம் என்பது அதே சொல்தான். ஆனால் முன்னது இறைவனிடம் மனம்விட்டுப் பேசுவது; பின்னது இறைவனின் நாமத்தில் ஊறிக் கிடப்பது. ஒரே வேரிலிருந்து வந்த சொல் இரு வீடுகளில் இரு பொருள் கொண்டது. அபிஷிக்தானந்தர் 1967-இல் பிரார்த்தனையைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இறைவன் எங்கும் நிறைந்திருத்தலை உணர்வதில் தொடங்கி, மௌனத்தைப் பற்றிப் பேசி, நாம ஜபத்துக்கு வந்து சேரும் நூல் அது. கீழைத் திருச்சபைத் துறவிகள் இயேசுவின் நாமத்தை மூச்சோடு இசைத்துச் சொல்லி வந்ததையும் இந்திய நாம ஜபத்தையும் அவர் அருகருகே வைத்தார். பிரிந்த இரு பொருளும் அங்கே மீண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

இவர்களுடைய வாழ்வைப் போற்றும்போது ஓர் ஆட்சேபத்தைக் கண்டும் காணாமல் விடுவது நேர்மையாகாது. காவியும் சம்ஸ்கிருதப் பெயரும் மதமாற்றத்துக்கான மாறுவேடம் என்னும் குற்றச்சாட்டு இத்தகைய ஆசிரமங்கள்மீது வலுவாகவே எழுந்தது. 1980-களின் இறுதியில் சீதாராம் கோயல் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். மறுபுறம், இவர்கள் இந்துக்களாகிவிட்டனர் என்று கத்தோலிக்கர் பலர் கண்டித்தனர். மொன்ஷானின் இந்தியா கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்னும் நம்பிக்கையுடன் வந்தவர் என்பதில் ஐயமில்லை. அபிஷிக்தானந்தரும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினார். ஆகவே ஐயுற்றவர்களைக் குறுகிய மனத்தினர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அபிஷிக்தானந்தரின் இருபத்தைந்து ஆண்டு இந்திய வாழ்வைத் தொடர்ந்து நோக்கினால், அவர் கொண்டுவந்த திட்டங்கள் ஒவ்வொன்றாக உதிர்வதைக் காணலாம். ஒருமுறைகூட அவர் தம் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1960-இல் இந்தியக் குடிமகனானார். மனிதன் ஏதோ ஒரு நோக்கத்துடன் பிரார்த்தனையில் இறங்குகிறான். பிரார்த்தனை உண்மையாக இருந்தால், முதலில் அந்த நோக்கத்தின்மீதுதான் அது கை வைக்கிறது.

1957-இல் மொன்ஷானினின் உடல்நலம் முற்றிலும் சீர்குலைந்தது. சிகிச்சைக்காகப் பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் அக்டோபர் 10-ஆம் நாள் பாரிஸில் மறைந்தார். தோப்பில் அபிஷிக்தானந்தர் தனித்து நின்றார். கருத்து வேறுபாட்டால் சாந்திவனத்தை விட்டுச் செல்லவும் முன்னர் எண்ணியவர் அவர். ஆனால் அதன்பின் பதினோராண்டுகள் அவ்விடத்தின் பொறுப்பைக் கைவிடவில்லை. 1959-இல் மொன்ஷானினின் நினைவாக ஒரு மலரைத் தொகுத்து வெளியிட்டார். தம்முடன் உடன்படாத பெரியவரின் எழுத்துகளையும், அவரை அறிந்தோரின் நினைவுகளையும் திரட்டி, சுவாமி பரம அரூபி ஆனந்தம் என்னும் பெயரை முகப்பில் பொறித்தார். உருவங்கடந்த நிலையைக் கண்டு தயங்கியவர் என்று தாம் கருதிய பெரியவரின் பெயரிலேயே அரூபம் இருந்ததை, அந்தப் பெயரை அச்சுக்கு அனுப்பும்போது அவர் எண்ணிப் பார்த்திருக்கக்கூடும்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழன்பர்களுக்கு இவ்வரலாற்றின் ஒரு கிளை மிக அருகிலேயே இருக்கிறது. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ரயில் ஏறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறினால் சென்று இறங்கும் கெங்கேரியில்தான், 1955-இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், பெனடிக்ட் ஆலப்பாட்டு என்னும் இந்தியத் துறவியுடன் சேர்ந்து ஒரு மடாலயம் தொடங்க முயன்றார். அது நிலைக்கவில்லை. 1958-இல் அவர் கேரளத்துக் குரிசுமலைக்குச் சென்றார். பத்தாண்டுகள் கழித்து, 1968-இல், அபிஷிக்தானந்தர் சாந்திவனத்தை விட்டு உத்தரகாசிக்குப் புறப்பட்டபோது, காவிரிக்கரைத் தோப்பை ஏற்க வந்தவர் இந்த பீட் கிரிஃபித்ஸே. 1993-இல் மறையும் வரையில் அவர் அங்கேயே வாழ்ந்தார். அவர் காலத்தில் சாந்திவனம் நிரம்பியது. பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தனர். நாளுக்கு மூன்று வேளை பொதுப் பிரார்த்தனையில் விவிலியத்துடன் உபநிடதங்களும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் ஒலித்தன. மொன்ஷானின் ஏங்கியது கடைசியில் நிறைவேறியது என்று இதைக் கூறுவோர் உண்டு. கூட்டத்தை வைத்து அவர் எதையும் அளந்ததாகத் தெரியவில்லை.

இமயத்துக்குச் சென்ற அபிஷிக்தானந்தரைத் தேடி 1971-இல் ஓர் இளைஞர் வந்தார். மார்க் ஷாதுக் என்னும் பிரெஞ்சு நாட்டவர். இப்போது மூத்தவர் இடத்தில் அபிஷிக்தானந்தர் இருந்தார். ரிஷிகேசத்தை அடுத்த பூல்சட்டியில் இருவரும் தனித்திருந்து உபநிடதங்களைப் பயின்றனர். 1973 ஜூன் 30-ஆம் நாள், ரிஷிகேசத்தில் கங்கை நீரில் நின்று மார்க் சந்நியாச தீட்சை பெற்றார். தீட்சை அளித்தவர் இருவர்: தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் தலைவரும் சென்னை லயோலா கல்லூரியில் பயின்றவருமான சுவாமி சிதானந்தர், அவருடன் அபிஷிக்தானந்தர். சீடனைத் தம் ஒருவருக்கே உரியவனாக அபிஷிக்தானந்தர் வைத்துக்கொள்ளவில்லை.

இரு வாரங்கள் கழித்து, ஜூலை 14-ஆம் நாள், ரிஷிகேசத்துச் சாலையில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பால் அவர் வீழ்ந்தார். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே கிடந்த அப்பொழுதைத் தம் வாழ்வின் மிகப் பெரிய விழிப்பு என்று பின்னர் நண்பர்களுக்கு எழுதினார். டிசம்பர் 7-ஆம் நாள் இந்தூரில் மறைந்தார். அஜாதானந்தர் என்னும் தீட்சைப் பெயருடன் ரிஷிகேசத்துக்கு அருகே மௌனத்தில் வாழ்ந்த மார்க், 1977-ஆம் ஆண்டு ஒருநாள் தம் குடிலில் காணப்படவில்லை. எங்கே சென்றார் என்பது இன்றுவரை தெரியாது.